திருப்பிப் போட்ட கோட்டு

எங்கள் ஊருக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி நிற்கும் நாக்ரீனா குன்றைப் பற்றி எழுதாத கவிஞன் அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிடையாது. ஏறிப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் கொஞ்சம் பேர். மழைக்குப் பயந்து அடிவாரத்து மதுக்கடையில் உட்கார்ந்தே எழுதியவர்கள் மீதிப் பேர். படித்துப் பார்த்தால் இந்த இரண்டாவது கும்பலின் கவிதைகளில்தான் காற்று பலமாக வீசும்.

குன்றின் மேல்முகட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஒரு வெண்கலத் தகடு. அந்தக் காலத்தில் ஒரு கவிஞர் அந்த இடத்தில் வைத்து ஒரு பெண்ணிடம் தன்னைக் கட்டிக்கொள்ளும்படி கேட்டாராம். அவள் மாட்டேன் என்றாளாம். மறு வருஷம் அதே பாறைக்கு அவளைக் கூட்டிவந்து மறுபடி கேட்டார். மறுபடி மாட்டேன் என்றாள். அந்தச் சோகத்தில் அவர் எழுதித் தள்ளியதைத்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு அவதிப்படுகிறார்கள். அதே குன்றில் கேட்டு, சரி என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு இறங்கிப் பிள்ளை குட்டி பெற்ற எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்கும் தகடு கிடையாது.

என் தம்பி மாலக்கி மூன்றாவது ரகம். கேட்கவே கேட்காதவன்.

அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் தன் பழைய டுவீட் கோட்டை மாட்டிக்கொண்டு குன்றேறுவான். கூடவே நோரீன் ஏறுவாள். நோரீனுக்குத் துறைமுகத் தெருவில் டிரை கிளீனிங் கடை. ஊரிலுள்ள நல்ல கோட்டுகள் எல்லாம் அவள் கையால்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கின்றன. இந்த இருவருக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான் ஏறுவேன். முதல் ஞாயிறன்று மாலக்கி என்னிடம் வந்து, "நீயும் வா டிம்ப்னா, நாங்க ரெண்டு பேர் மட்டும் போனா ஊர் பேசும்" என்றான். ஊரும் பேசுவதற்கு ஆசை ஆசையாகத்தான் காத்திருந்தது. எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்? பேச ஒன்றும் அகப்படாமல் அலுத்துப்போய் அது ஹர்லிங் மட்டையாட்டத்தைப் பேசப் போய்விட்டது. நான் மட்டும் என் புருஷனை வீட்டில் தனியாகப் பன்றியிறைச்சி பொரிக்கவிட்டு, முழங்கால் வலியோடு வாரா வாரம் ஏறிக்கொண்டிருந்தேன்.

குன்றின் ஒவ்வொரு கல்லுக்கும் மாலக்கியிடம் ஒரு கதை உண்டு. எந்தக் கல்லில் எந்த வீரன் வாள் தீட்டினான், எந்தச் சுனையில் எந்த இளவரசி முகம் கழுவினாள், எல்லாம் தெரியும். நடுவழியில் மூன்று கல்லின்மேல் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. அதற்குக் காதலர் படுக்கை என்று பேர். அப்பன் பார்த்துவைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று ஒரு பெண் தன் காதலனோடு ஓடிவந்து இரவு தங்கிய இடமாம். ஒவ்வொரு ஞாயிறும் நோரீனை அதன்மேல் உட்காரவைத்து மாலக்கி அதன் நீளம், அகலம், அது எந்த வகைப் பாறை என்பதையெல்லாம் விளக்குவான். அந்த இரண்டு பேரும் அங்கே என்ன செய்தார்கள் என்கிற இடத்துக்கு மட்டும் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.

உச்சியில் ராணியின் கற்குவியல். அதனடியில் அந்தக் காலத்து ராணி ஒருத்தியை நின்றகோலத்தில் புதைத்திருக்கிறார்கள், முகம் கடலைப் பார்த்தபடி. படகில் வருகிறேன் என்று சொல்லிப்போன ராஜா ஒருவனுக்காக நிற்கிறாளாம். இன்னும் வந்து சேரவில்லை. கதையைக் கேட்கும்போதெல்லாம் நோரீன், "பாவம், காலு வலிக்காதா அவளுக்கு?" என்பாள். மாலக்கி அதற்கும் பதில் சொல்வான். அந்தக் காலத்துப் புதைகுழிகளின் அமைப்பைப் பற்றி.

மேலே ஏறுகிறவர்கள் அடிவாரத்திலிருந்து ஒரு கல்லைக் கையோடு கொண்டுபோய்க் குவியலில் சேர்க்கவேண்டும். அங்கிருந்து ஒரு பொடிக்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. ராணிக்குச் சேர்ந்தது ராணிக்குத்தான். எடுத்தவனுக்குத் தூக்கம் போய்விடும், மாடு செத்துப்போகும், இன்னும் என்னென்னவோ. இந்த விஷயத்தில் மாலக்கி ராணிக்கே காவல்காரன். "எதையும் எடுக்காதே" என்று குன்றடி வாசலில் பலகை எழுதி மாட்டியவனே அவன்தான். ஒருதடவை ஜெர்மன்காரர் ஒருவர் ஞாபகார்த்தமாக அவரை விதை அளவு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். மாலக்கி பேருந்து நிறுத்தம்வரை துரத்திப்போய், அந்த மனிதரைக் கொட்டுகிற மழையில் திரும்ப உச்சிவரை ஏற்றி, எடுத்த இடத்திலேயே வைக்கச்சொன்னான். யாருக்காகவாவது அவன் ஓடி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

இனி மோதிரத்துக்கு வருகிறேன். எங்கள் அம்மாவின் மோதிரம். சின்னப் பச்சைக்கல், ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சாகிறதற்கு முன்னால் அம்மா அதை மாலக்கியிடம் கொடுத்தாள். "உன்னைச் சகிச்சுக்கிட்டு ஒருத்தி வந்தா குடு" என்றாள். அவன் அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டான். நோரீனோடு குன்றேறத் தொடங்கியது அதற்கப்புறம்தான். பெட்டி அங்கே இருக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது. கேட்கவேண்டியதில் பாதியைக் கேட்டுவிட்ட திருப்தி போலிருக்கிறது.

ஆனால் கோட்டு என்று ஒன்று இருந்தால் வருஷத்துக்கு ஒருதடவை வெளுக்கப் போடத்தானே வேண்டும்? ஊரில் இருப்பதோ ஒரே கடை. வசந்தகாலம் பிறந்ததும் அந்த மகானுபாவன் கோட்டை அப்படியே கொண்டுபோய் நோரீனிடம் கொடுப்பான். உள்பையில் கைவிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு வருஷம்கூடத் தோன்றியதில்லை.

இதை நான் தெரிந்துகொண்டது இந்த மே மாதம். காதலர் படுக்கையில் உட்கார்ந்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்திலிருந்து பிரித்து நீட்டிய நோரீனின் இடதுகையில் என் அம்மாவின் பச்சைக்கல் மின்னியது. எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. மாலக்கி சுனைப்பக்கம் போன சமயம் பார்த்து அவள் கையைப் பிடித்தேன்.

"என்னடி இது? கேட்டுட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே ரெண்டு பேரும்!"

"கேட்டானா? அவனா?" நோரீன் சிரித்தாள். நன்றாயில்லை அந்தச் சிரிப்பு. "வருஷா வருஷம் கோட்டுல வருது டிம்ப்னா. முத தடவ பெட்டியத் திறந்து பாத்துட்டுக் கடைய சாத்திட்டு உக்காந்து அழுதேன், சந்தோஷத்துல. அடுத்த ஞாயித்துக்கிழமை கேப்பான்னு தலையெல்லாம் வாரிக்கிட்டு வந்தேன். படுக்கைக்கல்லு என்ன நீளம்னு சொன்னான். சரி, கூச்சப்படுறான்னு விட்டேன். ஒவ்வொரு வருஷமும் வெளுத்து, கிழிஞ்ச உள்துணியத் தச்சு, பெட்டிய இருந்த இடத்துலயே வச்சுக் குடுத்துட்டிருக்கேன். இந்த வருஷம் வைக்கல. நானே போட்டுக்கிட்டேன். பாக்கட்டும்."

"பாக்கலன்னா?"

"பாக்கலன்னா எங்கக்கா கனடாவுல, ஹாலிஃபாக்ஸ்ல எனக்கு ஒரு ரூம் வச்சிருக்கா. நீ வாயத் திறந்தா அன்னைக்கே கழட்டிருவேன், சொல்லிட்டேன்."

அன்றைக்கு வாயை மூடியவள்தான். கோடை முழுக்க எனக்கு வாயில் கொழுக்கட்டை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட சித்திரவதை என்று. ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. நோரீன் அந்தக் கையால் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், காற்றில் பறந்த அவன் தொப்பியைப் பிடித்துக் கொடுத்தாள். அவன் பார்வை அந்தக் கைக்கு அப்பால் கடலில் தெரிகிற தீவில் இருக்கும், இல்லையென்றால் கீழே கிடக்கிற கல்லில் இருக்கும். ஆகஸ்டில் நோரீன் கடையை ஒரு இளம் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, கனடாவுக்குப் போகிறேன், அக்காவோடு ஹாலிஃபாக்ஸிலேயே இருந்துவிடப் போகிறேன் என்று அவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் முகம் வெளுத்தது. அப்புறம் பேசினான்.

"ஹாலிஃபாக்ஸா? அருமையான இயற்கைத் துறைமுகம். குளிர்காலத்துலகூட உறையாது."

நோரீன் விமானம் ஏறவேண்டியது ஒரு வியாழக்கிழமை. நான் சொல்லவந்த கதை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது.

அன்றைக்கும் ஏறினோம். அடிவாரத்தில் மாலக்கி ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டான், நானும் பேருக்கு ஒன்றை எடுத்துக்கொண்டேன். நோரீன் குனியவில்லை. வேலியைத் தாண்டும் மரப்படியில் அவளுக்கு மாலக்கி கைகொடுத்தான். இடதுகையைத்தான் நீட்டினாள். மோதிரம் அவன் உள்ளங்கையில் அழுந்தியிருக்க வேண்டும். "படி வழுக்குது, பாத்து" என்று சொல்லிவிட்டுக் கையை விட்டான். எனக்கு அவன் பின்மண்டையில் என் கல்லைப் போடலாமா என்றிருந்தது.

காதலர் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாலக்கிக்கு அன்று குரல் சரியில்லை. வழக்கமான நீள அகலத்தைச் சொல்லத் தொடங்கி அகலத்தில் நின்றுவிட்டான்.

"நோரீன்…" என்றான்.

"சொல்லு."

நான் ரொட்டியைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தம்பிமேல் எனக்குப் பாசம் இல்லையென்று யாரும் நினைக்கவேண்டாம். அவன் தனியாகக் கிழடாவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

"இல்ல… அங்க ரொம்பக் குளிரும். நல்ல கோட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போ."

"கோட்டப் பத்தி எனக்கு நீ சொல்லித்தரியா?" என்றாள் நோரீன். மிச்சத் தேநீரைப் புல்லில் கொட்டிவிட்டு எழுந்து நடந்தாள்.

அப்போதுதான் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. எங்கள் குன்றில் மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. கொஞ்ச நேரத்தில் என் கால்செருப்பே எனக்குத் தெரியவில்லை. மாலக்கி முன்னால் போனான். "கவலப்படாதீங்க, கண்ணக் கட்டி விட்டாலும் நான் உச்சிக்குப் போயிருவேன்" என்றான். போனோம், போனோம். உச்சி வரவேண்டிய இடத்தில் ஒரு பாறை வந்தது. மாட்டேன் என்று பதில் வாங்கிய கவிஞரின் வெண்கலத் தகடு. சரி என்று வேறு பக்கமாகத் திரும்பி மறுபடி ஏறினோம். மறுபடி அதே தகடு.

"இந்த மனுஷன் இன்னொரு தடவ கேட்டுட்டுத்தான் நம்மள விடுவாரு போல" என்றேன்.

"கேக்கவாவது செஞ்சாரே" என்றாள் நோரீன்.

மாலக்கி திசைகாட்டியை எடுத்துத் தட்டினான், காற்றை மோந்து பார்த்தான். எத்தனையோ வருஷம் பூகோளம் நடத்தியவனுக்கு, சொந்தக் குன்றில் வழி தவறிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

"மயக்கப்புல்ல மிதிச்சுட்டோம்" என்றாள் நோரீன். "கோட்டத் திருப்பிப் போடுங்க எல்லாரும்."

குன்றுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் மாயக்கூட்டத்தை எங்கள் பக்கத்தில் 'நல்லவங்க' என்றுதான் சொல்வோம். பேரைச் சொல்வதில்லை, அவர்களுக்குப் பிடிக்காது. நல்லவங்க சில இடத்தில் ஒரு புல்திட்டைப் போட்டுவைப்பார்கள். அதை மிதித்தால் சொந்த வயலிலேயே வாசல் தெரியாமல் சுற்றவேண்டியதுதான். கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டால் ஆள் அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் ஊரில் ஒருத்தரும் நம்புவதாகச் சொல்லமாட்டோம். வழி தவறினால் ஒருத்தரும் திருப்பிப் போடாமல் இருக்கவும் மாட்டோம்.

நோரீன் திருப்பிப் போட்டாள். நானும் போட்டேன். மாலக்கி இரண்டு நிமிஷம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, குளிரில் நடுங்கியபடி அவனும் கழற்றித் திருப்பிப் போட்டான். கருஞ்சிவப்பு உள்துணி வெளியே வந்தது. அதில் எத்தனை தையல்! அக்குளில், முதுகில், பை ஓரத்தில் என்று வருஷா வருஷம் நோரீன் போட்ட பொடித் தையல்கள். இப்போது உள்பை வெளிப்பக்கம் வந்து, நெஞ்சின்மேல் காலியாகத் தொங்கியது.

மாலக்கியின் கை தானாக அங்கே போனது. பைக்குள் விரலை விட்டான். மறுபடி விட்டான். அப்புறம் கால்சட்டைப் பைகளைத் தட்டினான். அப்படியே மண்டிபோட்டுப் புதர்களைக் கையால் விலக்கத் தொடங்கினான்.

"என்னத்தத் தேடுற?" என்றாள் நோரீன்.

"ஒண்ணுமில்ல. ஒரு சாமான்."

"என்ன சாமான்?"

"எங்கம்மாவோடது. உள்பைல இருந்துச்சு. இப்பத்தான் விழுந்திருக்கணும். காலையிலகூட…" காலையில் தொட்டுப் பார்த்தேன் என்று பொய் சொல்லவும் அவனுக்கு வரவில்லை. "நோரீன், கொஞ்சம் அசையாம இரு. மிதிச்சிரப் போற."

நோரீன் அவனுக்கு எதிரில் மண்டிபோட்டாள். இடதுகையை நீட்டி, அவன் மூக்குக்கு நேரே புல்லை விலக்கினாள். விரலில் பச்சைக்கல். மூடுபனியில்கூட மின்னுகிறது.

"கையக் கொஞ்சம் நகத்து நோரீன்" என்றான் என் தம்பி. "மறைக்குது."

அவள் நகர்த்தவில்லை.

அதற்கப்புறம்தான் பார்த்தான். முதலில் கல்லை, அப்புறம் விரலை, கடைசியாக அவள் முகத்தை. எந்த ஊருக்கும் வழி தெரியாதவன் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இது எங்கம்மா மோதிரம்" என்றான்.

"ஆமா."

"இது எப்படி உங்கிட்ட…"

"கோட்ட யாரு வெளுக்குறாங்கன்னு நெனச்ச? நல்லவங்களா?" என்றாள் நோரீன். "முத வருஷமே பாத்துட்டேன் மாலக்கி. இருந்த இடத்துலயே திருப்பி வச்சேன். வருஷா வருஷம் வச்சேன். இந்த வசந்தத்துல போட்டுக்கிட்டேன். கோடை பூரா இந்தக் கையாலதான் உனக்கு ரொட்டி குடுத்தேன். தீவப் பாத்த, கல்லப் பாத்த, செத்துப்போன ராணியப் பாத்த. என்னப் பாக்கல."

இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய சரியான வார்த்தைகள் நூறாவது இருக்கும். குன்றைப் பற்றி எழுதிய அத்தனை கவிஞர்களையும் கரைத்துக் குடித்தவன் என் தம்பி. அவன் சொன்னது இதுதான்:

"பெட்டி எங்க?"

நோரீன் எழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று மாறி, மூடுபனி கொஞ்சம் விலகியது. ராணியின் கற்குவியல் பக்கத்திலேயே நின்றது. இவ்வளவு நேரமும் அதைச் சுற்றித்தான் உழன்றிருக்கிறோம். நோரீன் நேரே அதனிடம் போனாள். மோதிரத்தை விரலிலிருந்து உருவ முடியவில்லை, குளிரில் விரல் விறைத்திருந்தது. எச்சில் தொட்டு உருவி, இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த இடுக்கில் போட்டாள். உள்ளே எங்கோ தட்டித் தட்டி விழுகிற சத்தம் கேட்டது.

"ஏறி வர்றவங்க ஒரு கல்லு கொண்டு வரணும்ல?" என்றாள். "என் கல்லு அதுதான். ராணியே வச்சுக்கட்டும். அவளுக்குத்தான் நிக்கிற பழக்கம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதையைப் பார்த்து இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாலக்கி குவியலுக்கு முன்னால் நின்றான். "டிம்ப்னா," என்றான், "இதுலேருந்து எதையும் எடுக்கக் கூடாது."

எனக்கு என்னென்னவோ வந்தது வாயில். ஒரு கோடை முழுக்கச் சேர்த்துவைத்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை நான் சொல்லி அவன் செய்தால் அது ஒன்றுக்கும் உதவாது என்று எனக்கே புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். அவன் தூக்கம், அவன் ராணி, அவன் பாடு. கீழே பாதையில் நோரீனின் திருப்பிப்போட்ட கோட்டு சின்னதாகிக்கொண்டே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

கல் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

ஒரு கல்லை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான். தலைமுறை தலைமுறையாக ஊர் சுமந்து கொண்டுவந்து போட்ட கற்களை இரண்டு கையாலும் வாரிப் பின்னால் எறிந்தான். அப்புறம் வயிறு தரையில் படக் குப்புறப் படுத்து, தோள்பட்டைவரை கையை ராணியின் வீட்டுக்குள் விட்டுத் துழாவினான். சிவப்பு உள்துணி முழுக்கச் சேறு.

அந்த நேரம்தான் மழைச்சட்டை போட்ட வெளியூர்க் கூட்டம் ஒன்று மேலே வந்து சேரவேண்டுமா? ஆளுக்கொரு கல்லைக் கையில் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு வாய்பிளந்து நின்றார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் தைரியமாக முன்னால் வந்தாள்.

"சார், எதையும் எடுக்கக் கூடாதுன்னு கீழ போர்டு போட்டிருக்கு."

"தெரியும்," என்றான் மாலக்கி, கன்னத்தைக் கல்லில் அழுத்தியபடி. "எழுதுனவன் நான்தான்."

கை வெளியே வந்தது. விரல்முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். விரல் நுனியில் பச்சைக்கல். எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடத் தொடங்கினான். ஐம்பது தாண்டிய ஆள், சேற்றில் வழுக்கி, புதரில் விழுந்து, எழுந்து ஓடினான். ஜெர்மன்காரருக்காகக்கூட அவ்வளவு வேகமாக ஓடவில்லை. நான் அந்தக் கூட்டத்திடம், "அவன் நல்லவன்தான், கொஞ்சம் லேட்டு" என்று சொல்லிவிட்டு என் முழங்காலைத் திட்டிக்கொண்டே பின்னால் இறங்கினேன்.

குன்றடி வாசலில் பிடித்துவிட்டான். அவன் மாட்டிய பலகைக்குப் பக்கத்திலேயே. நான் போய்ச் சேரும்போது நோரீன் கதவில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவனால் பேச முடியவில்லை, மூச்சு இரைத்தது. நான் பயந்துகொண்டே காத்திருந்தேன், எந்தக் கதையைத் தொடங்குவானோ, எந்தத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்வானோ என்று.

"போகாத" என்றான். அவ்வளவுதான் முதலில் வந்தது. அப்புறம் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறியா நோரீன்?"

நோரீன் அவன் விரல்முட்டி ரத்தத்தைப் பார்த்தாள். தான் தைத்த உள்துணியில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள்.

"ராணிகிட்டேருந்து எடுத்தியா?"

"எடுத்தேன்."

"தூக்கம் போயிரும்."

"நீ கனடா போறேன்னு சொன்ன அன்னைக்கே போயிருச்சு."

அவள் அவன் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். அப்புறம், "அலங்கோலமா நிக்கிற. கோட்ட நேரா போட்டுட்டுக் கேளு" என்றாள்.

"மாட்டேன்" என்றான் மாலக்கி. "நேரா போட்டா நான் மறுபடி பழைய ஆளாயிருவேன். அவனுக்குக் கேக்கத் தெரியாது."

நோரீன் இடதுகையை நீட்டினாள்.

"சீக்கிரம் போடு. வெரல் குளிருது."

போட்டான். அவசரத்தில் முதலில் வேறு விரலில் போட்டு, அவள் சரிசெய்து கொடுத்தாள். வியாழக்கிழமை விமானம் நோரீன் இல்லாமல் போனது. அடுத்த ஞாயிறு மூன்று பேரும் ஏறி, அவன் கலைத்த கற்களையெல்லாம் திரும்ப அடுக்கினோம். அதுதான் நான் கூடப்போன கடைசி ஞாயிறு. இப்போது ஊர் பேசட்டும், எனக்கென்ன.

அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் ஒருதரம் நின்று பார்ப்பேன். மாலக்கியின் பலகை தொங்குகிறது, கதவு கிறீச்சிடுகிறது. வெண்கலத் தகடு ஒன்றும் யாரும் வைக்கவில்லை.